படம் சாரின் கைராசி

நாலாவது வயிற்றிலும் அதே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தபோது, இருட்டறைக்குள் தனியாக நிற்கப் படம் சாருக்குத் தைரியம் வரவில்லை.

சிவப்பு விளக்கின் மங்கலில், ரசாயனத் தொட்டிக்குள் கிடந்த எக்ஸ்ரே ஃபிலிமில் முதலில் முதுகெலும்பு வந்தது. பிறகு விலா எலும்புகள் வந்தன. கடைசியாக, யாரும் கூப்பிடாமலே, இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்ததும் அவரையே பார்ப்பது போலிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார். ஆனால் பாதியில் வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும். இருபத்தாறு வருஷத் தொழில் பழக்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நிமிஷங்களை எண்ணினார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எக்ஸ்ரே எடுப்பதை எல்லோரும் ‘படம் எடுக்கிறது’ என்று சொல்வதால் அவர் படம் சார் ஆகிவிட்டார். நல்ல மனிதர். அளவுக்குக் கொஞ்சம் மீறியே நல்ல மனிதர். யார் முகம் சுளித்தாலும், “வயிறா?” என்று கேட்டுச் சட்டைப் பைக்குள் கைவிடுவார். வெளியே வருவது வட்டமான, வெள்ளையான, புதினா வாசனை அடிக்கும் கால்சியம் மாத்திரை.

“மென்னு சாப்பிடுங்க. வெறும் சுண்ணாம்புதான். புளிப்பை அடிச்சு உக்கார வெச்சிடும். எலும்புக்கும் பலம். ஒண்ணும் பண்ணாது.”

ஒன்றும் பண்ணாத மருந்தை எதற்குச் சாப்பிட வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு வருஷமாக ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அவர்தான் வைத்தியர். வரவேற்பு மேசையில் உட்காரும் அம்மாவுக்கு மூட்டு வலிக்காகக் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. வாசல் காவலருக்குச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று, அதன்மேல் இரண்டு தம்ளர் பால். ஆம்புலன்ஸ் டிரைவர் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு டப்பாவே வைத்திருந்தார். படம் சார் தமக்கு எத்தனை என்று எண்ணுவதை நிறுத்திப் பல மாதம் ஆகிறது. டப்பாவோடு வரும் மடித்த காகிதத்தில் பொடி எழுத்தில் ஏதேதோ எழுதியிருக்கும். அது மூக்குக்கண்ணாடி துடைக்க வசதியான காகிதம்.

மருந்துக்கடைக்காரர் ஒருநாள் கேட்கத்தான் கேட்டார். “சார், வாரத்துக்கு நாலு டப்பா வாங்குறீங்களே, வீட்டுல யாருக்கு?”

“ஊருக்கே!”

“ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து போட்டா டாக்டரைக் கேட்டுக்கணும் சார். வேற மாத்திரையோட சேத்தும் போடக்கூடாது. அளவு மீறினா கிட்னிக்கு...”

“சுண்ணாம்புல என்னங்க அளவு?” என்று சொல்லிவிட்டுப் படம் சார் அவருக்கும் ஒன்றை நீட்டினார்.

புள்ளிகள் ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. முதலில் விழுந்தது வரவேற்பு அம்மாவின் வயிற்றில்தான். முதுகுப் பக்கம் வலி என்று வந்தார். படத்தில் இரண்டு புள்ளி. பெரிய டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, “கிட்னில கல்” என்றார். அதில் பயப்பட எதுவுமில்லை. கல் யாருக்கும் வரும்.

அடுத்த வாரம் காவலர். மூன்று புள்ளி. அதற்கடுத்து டிரைவர். அதற்கும் அடுத்து, பெரிய டாக்டரின் அறை வாசலில் டோக்கன் போடுபவர். ஒரே மாதத்தில், ஒரே கூரையின் கீழ், ஒரே மாதிரியான புள்ளிகள்.

ஃபிலிமில் அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தார். ரசாயனத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தார். படம் இன்னும் பளிச்சென்று வந்தது. புள்ளிகள் இன்னும் பளிச்சென்று வந்தன.

ஃபிலிம் வைக்கும் பெட்டிகளைத் துடைத்தார். புதுக் கட்டு ஃபிலிமைப் பிரித்தார். பெரிய டாக்டர் மகிழ்ந்துபோனார்.

“என்னய்யா மாயம் பண்ணுறீங்க? இவ்வளவு சின்னக் கல்லைக்கூட விடாம பிடிக்கிறீங்களே! உங்க கைராசியே கைராசி. இனிமே வயித்துப் படம் எல்லாம் நீங்கதான் எடுக்கணும்.”

“வேற யார் சார் இருக்காங்க எடுக்க?” என்றார் படம் சார் பரிதாபமாக.

கைராசி என்ற அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாக இறங்கியது. அன்று மத்தியானம் பழைய படங்களையெல்லாம் எடுத்து வெளிச்சத்தில் வரிசையாகப் பார்த்தார். அப்போதுதான் அந்த விஷயம் தெரிந்தது.

வெளியாட்களுக்குப் புள்ளி இல்லை. ஏணியிலிருந்து விழுந்தவர் படம் சுத்தம். வயிறு உப்பி வந்த முதியவர் படம் சுத்தம். பொத்தானை விழுங்கிவிட்டு வந்த குழந்தையின் வயிற்றில் பொத்தான் மட்டும், நான்கு ஓட்டைகளோடு தெளிவாக இருந்தது. புள்ளி விழுந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தவர்களுக்கு. அவர் சிரித்துப் பேசியவர்களுக்கு. “வாங்க வாங்க” என்று தோளில் கைபோட்டவர்களுக்கு.

இயந்திரத்தில் கோளாறில்லை, ஃபிலிமிலும் இல்லை என்றால், மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான்.

“ஆயா, கொஞ்சம் உள்ள வாங்க” என்று கூப்பிட்டார். ஆஸ்பத்திரி முழுவதும் பெருக்குவது, படுக்கை விரிப்பது, மெத்தை மாற்றுவது எல்லாம் அந்த ஆயாதான். எந்த அறையில் எந்தத் தலையணை இருக்கிறது என்று அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

“நான் மேசையில படுக்கிறேன். அந்தப் பட்டனை அமுக்குங்க.”

“ஐயய்யோ, எனக்கு அதெல்லாம் தெரியாது சார்.”

“பச்சைப் பட்டன் ஒண்ணுதான். நான் மூச்சைப் பிடிச்சதும் அமுக்கணும்.”

“நீங்களே ‘மூச்சைப் பிடிங்க’ன்னு சொன்னா மூச்சு வெளியில போயிடுமே சார்?”

நியாயமான கேள்விதான். ஆயாவே சொல்வதென்று முடிவாயிற்று. சுவருக்கு அப்பாலிருந்து, “பிடிங்க... பிடிச்சாச்சா... விட்டுடாதீங்க... எங்க அந்தப் பட்டன்?” என்று ஆயா தேடி முடிப்பதற்குள் படம் சார் நீலம் பாரித்துவிட்டார்.

இருட்டறையில் தம் வயிறு தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல எழுந்துவருவதைப் பார்த்தார். சொந்த எலும்பை அப்படிப் பார்ப்பது யாருக்கும் பிடிக்காது. செத்த பிறகு பார்க்க வேண்டியதை முன்கூட்டியே பார்ப்பது போலிருக்கும். எலும்புகளுக்கு நடுவே புள்ளிகள் வந்தன. மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு. அவருக்கு ஏழு.

அந்தப் படத்தை யார் கண்ணிலும் காட்டாமல் பீரோவின் பின்னால் ஒளித்தார். விலாவில் கொஞ்ச நாளாகவே ஒரு மந்தமான வலி உண்டுதான். முதுகு சாயாத ஸ்டூல் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தார். நாக்கு வறண்டது. இந்த நாட்களில் எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்குவதில்லை, தலை வேறு பஞ்சடைத்தாற்போல் இருக்கிறது. பயத்தில் புளிப்பு பொங்கியது. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டார்.

மறுநாள் முதல் படம் சார் ஆளே மாறிவிட்டார். எவரையும் தொடுவதில்லை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “கொஞ்சம் இடது பக்கம் நகருங்க” என்று சுவரிடம் சொல்வார். சுவர் நகராது. நோயாளி வலது பக்கம் நகருவார். ஒரு நாளில் மூன்று பேருக்கு வயிற்றுக்குப் பதில் தோள்பட்டை படம் வந்தது.

இந்த நேரம் பார்த்தா மச்சானுக்கு வயிறு வலிக்க வேண்டும்?

மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். தபால்காரர். உலகத்திலேயே படம் சாரை முழுசாக நம்பும் ஒரே ஜீவன். ஒரு வருஷமாகத் தினம் நாலு மாத்திரை, தபால் பையிலேயே டப்பா. பையை ஒரு தோளிலும் வலியை ஒரு விலாவிலும் சுமந்துகொண்டு வந்து மேசையில் படுத்தார்.

“மாப்ளே, ஏன் சுவரைப் பார்த்துப் பேசுறீங்க? என்மேல ஏதாவது கோவமா?”

“பேசாதீங்க மச்சான். என் பக்கம் திரும்பாதீங்க. மூச்சைப் பிடிங்க.”

படம் பாதிதான் விழுந்தது. அதிலேயே இரண்டு புள்ளி. “மறுபாதியும் வேணும்” என்றார் பெரிய டாக்டர். மறுபடி எடுத்ததில் மொத்தம் ஐந்து. அதில் ஒன்று பெரிது.

“இது மருந்துல கரையாது. வியாழக்கிழமை காலையில ஆபரேஷன் பண்ணிடலாம்” என்றார் டாக்டர். “நல்லவேளை, நீங்க ரெண்டாவது தடவை எடுத்தீங்க.”

அன்று மாலை வீட்டில் மனைவி அடுப்பைப் பற்றவைக்காமல் சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

“ஏங்க, எங்கண்ணன் வயித்தைக் கிழிக்கப் போறாங்களாமே?”

“கல்லு இருக்காம்.”

“யார் சொன்னது?”

“படம் சொல்லுது.”

“படம் யார் எடுத்தது?”

படம் சார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“நீங்க எடுக்கிறதுக்கு முன்னாடி அவருக்குக் கல்லே இல்லை. உங்க கையால ரெண்டு தடவை எடுத்தீங்க, அஞ்சு கல்லு. மூணாவது தடவை எடுத்தா சுவரே கட்டிடலாம்!” அவள் கண் கலங்கிவிட்டது. “எனக்குன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தாங்க. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

அவள் கோபத்தில் சொன்னது. ஆனால் ‘உங்க கையால’ என்ற சொல் அவர் நெஞ்சில் இடித்தது. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். சாதாரணக் கைதான். விரல் இடுக்கில் மாத்திரைப் பொடி வெள்ளையாக ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டார்.

“முகம் வீங்கியிருக்கு உனக்கு. தைராய்டு மாத்திரை போட்டியா?” என்று பேச்சை மாற்றப் பார்த்தார்.

“போட்டேன். நீங்க குடுக்கிற சுண்ணாம்பையும் கூடவேதான் போட்டேன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா தைராய்டு மாத்திரை வேலையே செய்யாதாம், மருந்துக்கடைக்காரர் சொல்றார். உங்களால இந்த வீட்டுல எதுதான் வேலை செய்யுது?”

புதன்கிழமை காலை, வேறு யாரும் வருவதற்கு முன்பே படம் சார் ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே அறையில் ஜன்னல் கிடையாது. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே ஒரே அந்திதான். மேசை விரிப்பு மடிப்புக் கலையாமல், யாருக்காகவோ காத்திருப்பதுபோல் கிடந்தது.

இது கையா, இயந்திரமா, இல்லை இந்த அறையில் வேறு எதுவாவதா என்று இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். ஒரு வழி தோன்றியது. இத்தனை நாள் தோன்றாத வழி. யாரையும் படுக்க வைக்காமல், யாரையும் தொடாமல், வெறும் மேசையை ஒரு படம் எடுப்பது.

பட்டனை அமுக்கும்போது பழக்கதோஷத்தில், “மூச்சைப் பிடிங்க” என்று சொல்லிவிட்டார். ஆளில்லாத மேசை கேட்டுக்கொண்டு கிடந்தது. “விடுங்க” என்று சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

இருட்டறையில் தொட்டியின்மேல் குனிந்தார். முதுகெலும்பு வரவில்லை. விலா வரவில்லை. வெறும் கறுப்பு. அப்பாடா என்று மூச்சு விடப்போனவர், விடாமல் நின்றார்.

கறுப்புக்குள்ளிருந்து புள்ளிகள் வந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. சுற்றிலும் வயிறு இல்லை, எலும்பு இல்லை, மனிதனே இல்லை. ஆளில்லாத கற்கள்.

வெளியே வந்து மேசைமேலேயே பொத்தென்று உட்கார்ந்தார். ஓடலாமா, கத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, தொடைக்கடியில் ஏதோ உறுத்தியது. கையால் தடவினார். பச்சை ரெக்சின் மெத்தைக்குள்ளே சின்னச் சின்னதாக நெருடியது.

விரிப்பை உருவி எறிந்தார். பிளேடை எடுத்து மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்தார். உள்ளே கைவிட்டதும் முதலில் வந்தது புதினா வாசனை. அப்புறம் வெள்ளைத் துண்டுகள். பாதி உடைந்தவை, கால் உடைந்தவை, முழுசாகவே இரண்டு.

படம் சார் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருஷக்கணக்காக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அந்த மெத்தையில்தான் குட்டித் தூக்கம் போடுகிறார். குப்புறப் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சட்டைப் பையிலிருந்து உருண்டதெல்லாம் தையல் விட்ட இடுக்கு வழியாக உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது. மேலே படுத்தவர் வயிற்றிலெல்லாம் கல் என்று விழுந்திருக்கிறது! பேயும் இல்லை, கைராசியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

வெளியாட்களுக்கு ஏன் விழவில்லை என்று ஒரு சின்னக் கேள்வி மனதின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. இருந்த சந்தோஷத்தில் அவர் அதை உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

சிரிப்பு அடங்கியதும் வேறொரு பயம் வந்தது. இதை டாக்டரிடம் சொன்னால் வேலை போகும். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் மச்சானின் வயிறு கிழியும். மெத்தையை ரகசியமாகத் தூக்கிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம்தான். மச்சான் ஏற்கெனவே வார்டில் சேர்ந்து, எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ‘மாப்ளே இருக்கும்போது எனக்கென்ன’ என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்ததும் படம் சார் நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டார்.

“சார், மச்சானுக்குக் கல் இல்லை. ஒருத்தருக்கும் கல் இல்லை. எல்லாம் என் மாத்திரை.”

கையில் ஆளில்லாத படம். இன்னொரு கையில் மாத்திரைத் துண்டுகள். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துண்டை முகர்ந்து பார்த்தார். முகம் சிவந்தது.

“இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல மெத்தையைத் தட்டிப் பார்க்கணும்னு தோணலையா?”

“இல்லை சார்.”

“நாளைக்கு நான் கத்தியை வெச்சிருந்தா? உள்ள போய் எதைய்யா தேடியிருப்பேன்?”

“அதான் சார் சொல்ல வந்தேன். வேலையை விட்டு அனுப்பினாலும் பரவாயில்லை.”

டாக்டர் மாத்திரைத் துண்டை மேசைமேல் வைத்தார். கோபம் தணிந்ததா, நாலைந்து நோயாளிகளிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை முந்திக்கொண்டதா தெரியாது. “போய்த் தொலையட்டும். ஆளைக் கெடுக்கிறதுக்கு முன்னாடி வந்து ஒத்துக்கிட்டீங்க. அந்த மெத்தையை எரிங்க. எல்லாருக்கும் போன் பண்ணி, கல்லுக்கு நான் குடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லுங்க. மச்சானுக்கு இன்னொரு படம் மட்டும் எடுத்துப் பார்த்துடலாம்.”

மச்சான் இன்னொரு படத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. “அந்த மேசையில இனி என் பொணம்தான் படுக்கும்” என்று சொல்லிவிட்டு எண் போட்ட சட்டையைக் கழற்றினார்.

“வலிக்குதுன்னீங்களே?”

“பை தூக்குற வலி மாப்ளே! பன்னெண்டு வருஷமா ஒரே தோள்ல தூக்குறேன்.”

காவலர் கை கூப்பினார். வரவேற்பு அம்மா, “நான் கும்பிட்டது வீண் போகலை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் சைரனை ஒருதடவை ஊதியே காட்டினார். செய்தி கேட்டு மனைவி ஓடிவந்து, வார்டு வாசலில் நாலு பேர் பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்தக் கையைப் போய் என்னென்னமோ சொல்லிட்டேனே” என்றாள். நாட்கணக்காக யாரையும் தொடாத கை அது.

கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். எக்ஸ்ரே அறைக்கு எல்லோரையும் கூட்டிவந்து, மேசைமேல் வாயைப் பிளந்து கிடந்த மெத்தையைக் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து புது டப்பாவை எடுத்துப் பிரித்தார்.

“இத்தனை நாள் கவலையில எல்லாருக்கும் வயிறு புளிச்சுப் போயிருக்கும். ஆளுக்கு ரெண்டு எடுத்துக்குங்க. மச்சான், உங்களுக்கு நாலு.”

எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அறை முழுக்கப் புதினா வாசனை பரவியது. மொறுமொறுவென்று மெல்லும் சத்தத்துக்கு நடுவே ஆயா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். மெத்தையைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

“என்ன சார் அநியாயம் இது! தையல் விட்டுப் போச்சுன்னு ரெண்டு மாசம் முன்னாடி தையக்காரர்கிட்ட குடுத்த மெத்தை, அவர் இழுத்தடிச்சு நேத்து சாயங்காலம்தான் திரும்பி வந்துச்சு. அதுவரைக்கும் பிரசவ வார்டு மெத்தையைப் போட்டு ஒப்பேத்தினேன். இதுமேல இன்னும் ஒரு ஆள்கூட படுக்கலையே, அதுக்குள்ள கிழிச்சுட்டீங்களே!”